கஞ்சன்ஜங்கா வடக்கு பேஸ் கேம்ப்: 14 நாள் லீவு போதுமா?

4 ஆகஸ்ட் 2024

வந்த கேள்வியை அப்படியே போடுகிறேன். “வயது 34. தினமும் 10 கிலோமீட்டர் ஓடுகிறேன். வெள்ளியங்கிரி நான்கு முறை ஏறியாயிற்று. எவரெஸ்ட் பக்கம் ஒரே கூட்டம் என்கிறார்கள், அதனால் கஞ்சன்ஜங்கா வடக்கு பேஸ் கேம்ப் போகலாம் என்று இருக்கிறேன். அக்டோபரில் 14 நாள் லீவு. எல்லாருடைய திட்டத்திலும் நடுவில் இரண்டு மூன்று ஓய்வு நாள் வருகிறது. உடம்பைத் தயாராக வைத்திருப்பவனுக்கு அது எதற்கு? அதை வெட்டிவிட்டால் முடியாதா?”

முடியாது. ஓய்வு நாள் பேச்சு அப்புறம், முதலில் காலண்டரை எடுங்கள்.

சென்னையிலிருந்து நியூ ஜல்பாய்குரிக்கு ரயிலில் இரண்டு இரவு. அங்கிருந்து பானிடாங்கி போய் மேச்சி ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் காகர்பிட்டா, நேபாளம். நமக்கு விசா வேண்டாம். பாஸ்போர்ட்டோ வாக்காளர் அட்டையோ இருந்தால் சரி. பிர்தாமோடில் ஒரு இரவு. மறுநாள் இலாம் தேயிலைத் தோட்டங்களையும் ஃபிதிமையும் கடந்து ஜீப்பில் நாள் முழுக்கக் குலுங்கினால் தாப்லேஜுங். அதற்கு மறுநாள் இன்னொரு ஜீப், சேகாதும் பக்கம் வரை. பாக்டோக்ராவுக்கு விமானத்தில் போனால் ரயில் நாட்கள் மிச்சம். அப்போதும் போக 3, வர 3. பதினாலில் ஆறு போனால் எட்டு.

இப்போது நடை. சேகாதும், அம்ஜிலோசா, க்யாப்லா, குன்சா, கம்பாசென், லோனாக், பாங்பெமா. கடைசியில் இருக்கிற பாங்பெமாதான் வடக்கு பேஸ் கேம்ப், 5,143 மீட்டர். அங்கே போய்விட்டு அன்றே லோனாக் திரும்புவது வழக்கம். அது வரைக்கும் 6 நாள். வேகமாக இறங்கினால் 3 நாள். ஓய்வு நாள் ஒன்றுகூட இல்லாமல் 9. உங்கள் கையில் இருப்பது 8.

சரி, ஓய்வு நாள். அந்தப் பெயரே தப்பு. அன்றைக்கும் மேலே ஒரு முந்நூறு நானூறு மீட்டர் ஏறிவிட்டு, கீழே அதே ஊருக்கு வந்து தூங்க வேண்டும். 5,000 மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறையப் பாதி. ஆக்ஸிஜன் பங்கு அங்கேயும் 21 சதவீதம்தான், ஆனால் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே வருகிற சரக்கு பாதி. உடம்பு வேகமாக மூச்சு வாங்கிச் சமாளிக்கும். அதனால் ரத்தத்தில் காரத்தன்மை ஏறும், அதைச் சிறுநீரகம் வெளியே தள்ளிச் சரிசெய்ய நாட்கள் ஆகும். தினமும் 10 கிலோமீட்டர் ஓடுகிறவரின் சிறுநீரகம் சீக்கிரம் வேலை செய்து முடிக்கும் என்று நினைக்க வேண்டாம். ஓடுகிறவர்களுக்கு ஒரு கூடுதல் ஆபத்தும் உண்டு. கால் ஒத்துழைப்பதால் கிடுகிடுவென்று ஏறிவிடுவார்கள்.

நான் 2022 நவம்பரில் போனேன், அப்போது 46 வயது. குன்சாவில் இரண்டு இரவு, கம்பாசெனில் இரண்டு இரவு. ஒரு தொந்தரவும் இல்லாமல் பாங்பெமா போய் வந்தேன். நாள் கொடுத்தால் மலை விடும்.

5 ஆகஸ்ட் 2024

வெள்ளியங்கிரி பற்றி ஒன்று விட்டுப்போயிற்று. ஏழாவது மலையின் உச்சி 1,800 மீட்டரைத் தொடாது. தமிழ்நாட்டில் அதிக உயரம் தொட்டபெட்டா, 2,637. க்யாப்லாவில் இரண்டாம் நாள் இரவு படுக்கும்போதே அதைத் தாண்டியிருப்பீர்கள். அதற்குப் பிறகு இன்னும் 2,400 மீட்டர் பாக்கி. ஆக, ஊரில் இருந்துகொண்டு காலைத் தயார் செய்யலாம், முழங்காலைத் தயார் செய்யலாம், செருப்பில்லாமல் மூங்கில் கம்போடு ஏழு மலை ஏறிப் புண்ணியமும் சேர்க்கலாம். உயரத்துக்குப் பழகுவது மட்டும் நடக்காது.

8 ஆகஸ்ட் 2024

தனியாகப் போகலாமா என்று இன்னொருவர். இது கட்டுப்பாடுள்ள பகுதி. 2024 நிலவரப்படி குறைந்தது இரண்டு பேர், பதிவுபெற்ற ஏஜென்ஸி, கைடு, இவ்வளவும் வேண்டும். எங்கள் பர்மிட்டை ஏஜென்ஸியே எடுத்து வைத்திருந்தது. நாங்கள் போட்டோவும் பணமும் கொடுத்ததோடு சரி. எனக்குத் துணை என் மச்சினன், மனைவியின் தம்பி, என்னைவிட எட்டு வயது இளையவன்.

கைடை அங்கே ‘தாய்’ என்று கூப்பிட வேண்டும். நேபாளியில் அண்ணன். முதல் நாள் மச்சினன் தன் அம்மாவுக்குப் போனில் “கவலைப்படாதீங்க, தாய் கூடவே இருக்கார்” என்று சொல்லிவிட்டான். அத்தை ஒரு நிமிடம் பேசவே இல்லை.

11 ஆகஸ்ட் 2024

மச்சினன் மேலே எழுதியதைப் படித்துவிட்டுப் போன் செய்தான். “மாமா, எதுக்குப் பொய் எழுதறீங்க?”

என்ன பொய் என்றேன். “கம்பாசெனில் எத்தனை ராத்திரி?”

இரண்டு என்றேன். அவன் தன் போனில் போட்டோக்களைத் தேதி வாரியாக வைத்திருக்கிறான். அனுப்பினான். கம்பாசெனில் ஒரே இரவு. நான் இரண்டு வருடமாக இரண்டு என்றே நம்பிக்கொண்டிருந்தேன். திட்டத்தில் இரண்டு இருந்தது, அதைப் பலரிடம் சொல்லிச் சொல்லி நடந்ததாகவே ஆகிவிட்டது. 4-ஆம் தேதிக் குறிப்பைத் திருத்தாமல் விடுகிறேன், இருக்கட்டும்.

நடந்தது இது. குன்சாவில் இரண்டு இரவு, அது உண்மை. கம்பாசெனில் மறுநாள் காலை ஜன்னு மலையின் பக்கம் ஏறிவிட்டு வருவதாகத் திட்டம். எழுந்தால் மேகம். சமையலறையில் அடுப்போரம் உட்கார்ந்து ஒன்பது மணிக்குள் மூன்று டீ குடித்தேன். “ஒன்றும் தெரியப்போவதில்லை, இங்கே உட்கார்ந்து என்ன செய்வது, போரடிக்கிறது, லோனாக் போய்விடலாம்” என்று சொன்னது நான். தாய் “பிஸ்தாரை, பிஸ்தாரை” என்றார், மெதுவாக என்று பொருள். என்னுடைய ஓட்டை இந்தியில் அவருக்கு நம்பிக்கை ஊட்டினேன். எனக்கு உண்மையிலேயே உடம்பு ஜம்மென்று இருந்தது. ஊரிலே தறிப்பட்டறை நடத்துகிறவனுக்கு ஒரு நாள் சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

கம்பாசென் 4,050. லோனாக் 4,780. ஒரே நாளில் 730 மீட்டர். 3,000 மீட்டருக்கு மேலே தூங்கும் இடத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தாதே என்பது எல்லாரும் சொல்கிற விதி. இந்தத் தாவலுக்கு நடுவில் நாங்கள் தங்கியிருக்கக்கூடிய இடம் எதுவும் இல்லை. அதற்காகத்தான் கம்பாசெனில் இரண்டாவது இரவே. அதைத்தான் வெட்டினேன்.

லோனாக்கில் மாலை நாலு மணிக்குத் தலைவலி. மாத்திரை போட்டேன், யாரிடமும் சொல்லவில்லை. ஆறு மணிக்குக் குடிசைக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தேன், அதையும் சொல்லவில்லை. கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்ஸிமீட்டரை மச்சினன் கொண்டுவந்திருந்தான். அவனுக்கு 84, எனக்கு 71. “விரல் சில்லென்று இருக்கிறது, அதான்” என்றேன். விரல் குளிர்ந்தால் அந்தக் கருவி குறைத்துக் காட்டும் என்பது நிஜம்தான். கையைத் தேய்த்துச் சூடாக்கிவிட்டு மறுபடியும் வைத்துப் பார்க்கவில்லை என்பதும் நிஜம்.

ஏன் சொல்லவில்லை? சொன்னால் மறுநாள் பாங்பெமா கிடையாது. அவன் சின்னவன், வாடாமல் வருகிறான். அவன் எதிரில் நான் விழக்கூடாது. அக்கா வீட்டுக்காரர் என்கிற கெத்து 4,780 மீட்டரிலும் குறைவதில்லை.

விடியுமுன் கிளம்பினோம். பாங்பெமாவில் ஒன்பதரை. அங்கே நான் நிற்கிற போட்டோ இருக்கிறது. பின்னால் கஞ்சன்ஜங்காவின் வடக்கு முகம், மூன்று கிலோமீட்டர் உயரத்துக்கு ஒரே சுவர். ஜாக்கெட் ஜிப் திறந்து கிடக்கிறது, ஒரு கையில் உறை இல்லை, நான் சிரிக்கிறேன். அந்த இடத்தில் நின்றது எனக்கு ஞாபகம் இல்லை. போட்டோவைப் பார்த்துப் பார்த்து ஞாபகம் மாதிரி ஒன்று வந்திருக்கிறது, அவ்வளவுதான். அதற்காகத்தான் அவ்வளவு தூரம் போனது.

லோனாக் திரும்பியதும் ரூம் பணம் கொடுக்க நோட்டை எண்ணினேன். மூன்று முறை எண்ணியும் மூன்று கணக்கு. தாய் பார்த்துக்கொண்டே இருந்தார். முற்றத்தில் இரண்டு கல்லை வைத்து, நடுவில் குதிகாலும் கட்டைவிரலும் ஒட்ட ஒட்ட நடக்கச் சொன்னார். குடித்துவிட்டு வண்டி ஓட்டியவனைப் போலீஸ் நடக்கவிடுகிற மாதிரி. மூன்றாவது அடியில் சாய்ந்தேன். “காற்று” என்றேன். அவர் என்னோடு வாதாடவில்லை. மச்சினனிடம் திரும்பி மூட்டை கட்டச் சொன்னார், என் வாயில் ஒரு மாத்திரையைப் போட்டார். இரண்டு மணிக்கு இறக்கம். மொரைன் கல்மேட்டில் ஹெட்லேம்ப் வெளிச்சத்தில் கம்பாசென் வந்து சேர ஏழு மணி ஆயிற்று. மச்சினன் முன்னால், தாய் என் பையின் வாரைப் பிடித்துக்கொண்டு பின்னால். காலையில் தலைவலி இல்லை. இரண்டு தட்டு தால் பாத், அதாவது பருப்பும் சோறும், சாப்பிட்டேன்.

“எங்க அக்காவுக்கு என்ன பதில் சொல்றதுன்னு வழி முழுக்க யோசிச்சுக்கிட்டே வந்தேன்” என்று நேற்றுத்தான் சொன்னான். இரண்டு வருடம் கழித்து.

12 ஆகஸ்ட் 2024

நேற்றைய குறிப்பைப் படித்த ஒரு டாக்டர் எழுதியிருக்கிறார். சுருக்கிப் போடுகிறேன். குழப்பமும் நடையில் தள்ளாட்டமும் வந்தால் அது சாதாரண மலைத் தலைவலியைத் தாண்டிவிட்டது, மூளையில் நீர்க்கட்டு தொடங்கியிருக்கிறது. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், இருமல் விடாமல் வந்தால் நுரையீரலில் நீர் கோர்க்கிறது. இரண்டுக்கும் முதல் மருந்து கீழே இறங்குவது. தாய் கொடுத்தது டெக்ஸாமெத்தசோன் என்கிற ஸ்டீராய்டு மாத்திரையாக இருக்கும் என்கிறார். அது இறங்குவதற்கு அவகாசம் தரும், மேலே ஏறுவதற்குப் பயன்படுத்தக்கூடாது.

அவர் இன்னொன்றையும் கேட்டார்: உயரத்துக்குப் பழக உதவுகிற டயமாக்ஸ் மாத்திரை போட்டீர்களா? போடவில்லை. “அது நோயை மறைத்துவிடும், உள்ளே முற்றுவது தெரியாது” என்று யாரோ சொல்லக் கேட்டு, நானும் நாலு பேரிடம் அப்படியே சொல்லியிருக்கிறேன். அது தவறாம். டயமாக்ஸ் எதையும் மறைப்பதில்லை. மேலே சொன்னேனே, சிறுநீரகம் காரத்தைத் தள்ளுகிற வேலை, அதைத்தான் அது முடுக்கிவிடுகிறது. வழக்கமான தடுப்பு அளவு 125 மில்லிகிராம், காலை ஒன்று, இரவு ஒன்று. சல்ஃபா ஒவ்வாமை இருப்பவர்கள் டாக்டரிடம் கேட்காமல் தொடக்கூடாது. அடையாளத்தை மறைப்பது வலி மாத்திரை. நான் அதைத்தான் போட்டேன்.

15 ஆகஸ்ட் 2024

டயமாக்ஸ் போட்டால் விரல் நுனி குறுகுறுக்கும், சோடா சப்பென்று இருக்கும், ராத்திரி நாலு தடவை எழுப்பும். எழுந்து வெளியே போனால் மைனஸ் பதினைந்து. எனவே பாட்டில். அதிலேதான் வம்பு. ஸ்லீப்பிங் பேக்கில் இரண்டு பாட்டில் இருக்கும், ஒன்றில் குடிக்கிற வெந்நீர், காலுக்குச் சூடாக. இரண்டையும் ஒரே கடையில் ஒரே நிறத்தில் வாங்காதீர்கள். வாங்கிவிட்டால் ஒன்றின் கழுத்தில் ரப்பர் பேண்ட் நாலைந்து சுற்றுங்கள், இருட்டில் கை தடவிக் கண்டுபிடிக்க. இது எப்படித் தெரியும் என்று கேட்கவேண்டாம். (எனக்கு இல்லை, மச்சினனுக்கு. அவன் என்னை மாட்டிவிட்டானே.)

19 ஆகஸ்ட் 2024

“சிக்கிம் வழியாகவே போகலாமே, நம் நாடுதானே?” போகலாம், அது வேறு நடை. யுக்சோமிலிருந்து கோயெச்சா லா, 4,940 மீட்டர். கஞ்சன்ஜங்காவை அந்தப் பக்கத்திலிருந்து பார்க்கலாம். மலையின் மேல் ஏறுவதைச் சிக்கிம் அரசு தடை செய்திருக்கிறது. அவர்களுக்கு அது காவல் தெய்வம்.

1955 மே 25 அன்று முதன்முதலாக மேலே போன ஜோ பிரவுனும் ஜார்ஜ் பேண்டும் உச்சிக்குச் சில அடி கீழேயே நின்றுவிட்டார்கள். உச்சியை மிதிக்கமாட்டோம் என்று சிக்கிம் அரசருக்குக் கொடுத்த வாக்கு. மறுநாள் நார்மன் ஹார்டியும் டோனி ஸ்ட்ரீதரும் அதே இடத்தில் நின்றார்கள். 8,586 மீட்டர் மலையில் கடைசிச் சில அடியை விட்டுவிட்டு வருவதற்கு எவ்வளவு மனம் வேண்டும். நான் ஒரு நாளை விடமாட்டேன் என்று அடம்பிடித்தவன், எனக்குப் பேச வாய் இல்லை.

25 ஆகஸ்ட் 2024

உயரக் கணக்கில் சந்தேகம் கேட்டவருக்கு: குன்சாவுக்கு ஒரு வரைபடத்தில் 3,427, இன்னொன்றில் 3,595. கம்பாசென் 4,050 என்று நான் எழுதினேன், 4,145 என்றும் போடுகிறார்கள். எந்த எண்ணை எடுத்தாலும் கம்பாசெனிலிருந்து லோனாக் 600-க்குக் குறையாது. என் மேல் தவறில்லை என்று காட்டுகிற வரைபடம் ஏதாவது கிடைக்குமா என்று நானும் தேடித்தான் பார்த்தேன்.

26 ஆகஸ்ட் 2024

கம்பாசெனில் எதிரே நிற்கிற ஜன்னுவுக்கு நேபாள அரசு வைத்த பெயர் கும்பகர்ணன். 7,710 மீட்டர். லிம்பு மக்களுக்கு அது ஃபக்தாங்லுங், தோள் மாதிரி இருக்கிற மலை. பார்த்தால் அந்தப் பெயர்தான் பொருத்தம், இரண்டு புறமும் தோளை உயர்த்திக்கொண்டு நடுவில் தலை.

கும்பகர்ணன் காலடியில் அன்று இரவு நான் தூங்கவில்லை. உயரத்தில் மூச்சு ஒரு தினுசாகப் போகும். வேகவேகமாக வாங்கும், படிப்படியாகக் குறையும், பத்து விநாடி நிற்கவே நிற்கும், பிறகு திடுக்கிட்டு இழுக்கும். பக்கத்தில் படுத்திருப்பவன் மூச்சு நின்றதும் நாம் எழுந்து உட்கார்ந்துவிடுவோம், நம்முடையது நின்றதும் அவன் எழுந்து உட்காருவான். பயப்பட ஒன்றும் இல்லையாம். முன்பே யாராவது சொல்லியிருக்கலாம்.

1 செப்டம்பர் 2024

சாப்பாடு. நீளமாக எழுதுவேன், பிடிக்காதவர்கள் தாண்டிப் போகலாம்.

ஊரிலிருந்து என்ன கொண்டுபோவது என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். நாங்கள் பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், பூண்டு ஊறுகாய், ஒரு கிலோ முறுக்கு. குன்சா வரை புளிக்காய்ச்சல் அமிர்தம். அதற்கு மேலே நாக்கு மாறிவிடுகிறது. லோனாக்கில் மச்சினன் பூண்டு ஊறுகாய் பாட்டிலைத் திறந்தான், அந்த வாசனைதான் என்னைக் குடிசைக்குப் பின்னால் அனுப்பியது. (அன்று உயரம்தான் காரணம், தெரியும். ஆனாலும் இன்று வரை வீட்டில் பூண்டு ஊறுகாய் போடவிடுவதில்லை.) பருப்புப் பொடி மட்டும் எல்லா உயரத்திலும் இறங்கியது. முறுக்கு இரண்டாம் நாளே தூள்.

லோனாக் உயரத்தில் தண்ணீர் 84 டிகிரி வாக்கில் கொதித்துவிடும். சும்மா வைத்தால் பருப்பு வேகவே வேகாது. அதனால் மேலே எல்லாச் சமையலறையிலும் குக்கர். அந்த வெட்டவெளியில், எதிரே 6,802 மீட்டர் வெட்ஜ் சிகரம் ஆப்பு மாதிரி செங்குத்தாக நிற்கும்போது, உள்ளேயிருந்து மூன்று விசில் கேட்கிறது. அது நம் வீட்டுச் சத்தம். கொஞ்சம் கண் கலங்கியது.

அவித்த உருளைக்கிழங்கு எங்கும் கிடைக்கும். மிளகாய், உப்பு, திமூர் சேர்த்து அரைத்துத் தருவார்கள். திமூர் நாக்கை மரத்துப்போகச் செய்கிற ஒரு மிளகு. தால் பாத் ஒரு விலைதான், கேட்கக் கேட்க மறுபடி போடுவார்கள். வேறு எதைக் கேட்டாலும் ஒரு தட்டோடு சரி.

தோங்பா பற்றிச் சொல்லாமல் விட முடியாது. புளிக்கவைத்த தினை முழுசாக ஒரு மரக்குடுவையில் இருக்கும். வெந்நீர் ஊற்றி ஐந்து நிமிடம் விட்டு மூங்கில் குழலால் உறிஞ்ச வேண்டும். தீரத்தீர வெந்நீர் ஊற்றிக்கொண்டே போகலாம். லிம்பு வீடுகளில் விருந்தாளிக்கு முதல் மரியாதை அதுதான். கீழே, திரும்பி வரும்போது குடியுங்கள். ஏறும்போது வேண்டாம்.

2 செப்டம்பர் 2024

திருத்தம். தோங்பாவில் போடுவது தினை இல்லை, நேபாளியில் ‘கோதோ’, அதாவது நம் கேழ்வரகு. மச்சினன்தான் சொன்னான். நாம் கேழ்வரகைக் கூழாகப் புளிக்கவைத்து நிறுத்திக்கொண்டோம், அவர்கள் இன்னும் சில நாள் பொறுத்தார்கள்.

அப்புறம், தாப்லேஜுங் சுற்றுவட்டாரம் முழுக்கப் பெரிய ஏலக்காய் விளைகிறது, பிரியாணிக்குப் போடுகிற கறுப்பு ஏலக்காய். ஓடைக்கரை நிழலில் ஆள் உயரச் செடி, காய் அடிமண்ணிலேயே கொத்தாக. வரும்போது அரைக் கிலோ வாங்கிவந்தேன். வீட்டில் இன்னும் தீரவில்லை, ஒரு காய் போட்டாலே தெரு முழுக்கப் புகை வாசனை.

23 செப்டம்பர் 2024

இன்றைய தேதிக்காக இது. 2006-ல் இதே நாள் கஞ்சன்ஜங்கா பாதுகாப்புப் பகுதியின் நிர்வாகத்தை அந்த ஊர் மக்களிடமே ஒப்படைக்கிற விழா குன்சாவில் நடந்தது. முடிந்து கிளம்பிய ஹெலிகாப்டர் மேகத்தில் மலையில் மோதி 24 பேரும் இறந்தார்கள். நேபாள வனத்துறை இணையமைச்சர், புவியியலாளர் ஹர்கா குருங், இயற்கைப் பாதுகாப்பு வேலையில் அந்த நாட்டின் முதல் வரிசை ஆட்கள் பலர் ஒரே வண்டியில்.

குன்சாவில் எங்கள் ஓய்வு நாளில் தாய் அதைப் பற்றிப் பேசினார். நான் அப்போது துணி காய்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன், பாதிதான் கேட்டேன். ஊருக்கு வந்த பிறகு தேடிப் படித்தேன்.

29 செப்டம்பர் 2024

கேள்வி கேட்டவர் மறுபடியும் எழுதியிருக்கிறார். சம்பளமில்லாத லீவு சேர்த்து 22 நாள் வாங்கிவிட்டாராம். கூட ஆபீஸ் நண்பர் ஒருவர். நல்லது. மிச்ச நாளை எங்கே போடுவது என்று கேட்கிறார்.

குன்சாவில் இரண்டு இரவு, கம்பாசெனில் இரண்டு. ஒரு நாளைக் கையிருப்பாக வையுங்கள், எங்கேயும் ஒட்டாமல். மேகம், வயிற்றுப்போக்கு, ஜீப் பாதையில் மண்சரிவு, எதற்கு வேண்டுமானாலும் அது போகும். திரும்பும் டிக்கெட்டை இழுத்துப் பிடித்துப் போடாதீர்கள். லோனாக்கில் நான் வாயைத் திறக்காததற்கு ரயில் டிக்கெட்டும் ஒரு காரணம், அதை முன்பு எழுதவில்லை.

குன்சாவுக்கும் கம்பாசெனுக்கும் நடுவில் ஒரு பெரிய சரிவு இருக்கிறது, மேலிருந்து கல் உருளும். காலையில், மண் உறைந்திருக்கும்போதே கடந்துவிடுங்கள். அங்கே நின்று போட்டோ எடுக்காதீர்கள். ஒருவர் பின் ஒருவராக, இடைவெளி விட்டு, மேலே ஒரு கண் வைத்து.

இன்ஷூரன்ஸ் பத்திரத்தில் எத்தனை மீட்டர் வரை செல்லும் என்று ஒரு வரி இருக்கும். என்னுடையதில் இருந்தது, நான் திரும்பி வந்து படித்தேன். நான் நின்ற இடத்துக்கு 1,100 மீட்டர் கீழேயே அது முடிந்துவிட்டது.

கடைசியாக, கிளம்புமுன் நண்பரோடு ஒரு ஒப்பந்தம் போடுங்கள். ஒருவர் ஆக்ஸிமீட்டர் எண்ணை மற்றவர்தான் பார்க்க வேண்டும், ஒருவர் சாப்பிடாத தட்டை மற்றவர் கைடிடம் சொல்ல வேண்டும். கோள் சொல்வது என்று நினைக்கக்கூடாது.

30 செப்டம்பர் 2024

மச்சினன் கேட்கச் சொன்னது: நண்பர் ஆபீசில் உங்களுக்கு மேலதிகாரியா, கீழா? மேலதிகாரி என்றால் ஒப்பந்தம் செல்லாது.

21 அக்டோபர் 2024

குன்சாவிலிருந்து செய்தி. கேள்வி கேட்டவர், நண்பர், இருவரும் நலம். துணி துவைத்தார்களாம், காயவில்லையாம். அந்த ஊரில் என்றைக்குக் காய்ந்தது? பக்கத்தில் திபெத்திய அகதிகள் குடியிருக்கும் ஃபாலே கிராமத்தில் கம்பள நெசவு பார்த்தார்களாம். தறி என்றதும் எனக்கு அங்கே மறுபடி போகவேண்டும் போல இருக்கிறது. 2022-ல் அந்த ஊரைக் கடந்து நடந்தேன், நின்று பார்க்கவில்லை.

24 அக்டோபர் 2024

கம்பாசெனிலிருந்து செயற்கைக்கோள் கருவி வழியாக வந்த ஒரு வரி. நேற்றிரவு வந்ததை இப்போதுதான் பார்த்தேன்.

“இரண்டாவது நாள். மேகம். ஒன்றும் தெரியவில்லை. நண்பன் 82, நான் 76, கையைச் சூடாக்கிப் பார்த்தும் 76. பயங்கரமாகப் போரடிக்கிறது.”

மச்சினனுக்கு அனுப்பினேன். “எத்தனையாவது டீ என்று கேளுங்க மாமா” என்கிறான். கேட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.